பாராதைராய்டு ஆபரேஷனுக்கு முன்னால் குடும்பத்தை எவ்வளவு தூரம் விசாரிக்க வேண்டும்?

வைகைக்கரை (இழையைத் தொடங்கியவர்)

எண்டோகிரைன் (ஹார்மோன் சுரப்பி) அறுவை சிகிச்சைப் பிரிவில் வேலை செய்கிறேன். ரொம்ப நாளாக மனதை உறுத்தும் ஒரு விஷயத்தை இங்கே வைக்கிறேன். டாக்டர்கள் மட்டுமல்ல, இந்த நோயோடு வாழ்கிறவர்களும் பேசினால் நல்லது.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: கழுத்தில் தைராய்டுக்குப் பின்னால் 4 பாராதைராய்டு சுரப்பிகள், ஒவ்வொன்றும் உளுத்தம்பருப்பு அளவு. இரத்தத்தில் கால்சியத்தைக் கட்டுக்குள் வைப்பது இவற்றின் வேலை. இவை அளவுக்கு மீறிச் சுரந்தால் எலும்பிலிருக்கும் கால்சியம் கரைந்து இரத்தத்துக்கு வந்துவிடும். கிட்னியில் கல், எலும்பு வலி, எலும்பு முறிவு, தீராத சோர்வு, சிலருக்குக் கணைய அழற்சி என்று ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு விதமாகக் காட்டும்.

இந்த நோயாளிகளில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு இது குடும்பத் தொடர்பு இல்லாமல் தனியாக வருவது. அவர்களிலும் 80 முதல் 85 சதவீதம் பேருக்கு ஒரே ஒரு சுரப்பியில்தான் கட்டி. ஸ்கேனில் இடம் தெரிந்தால் சின்னக் கீறல் போட்டு அதை மட்டும் எடுத்துவிடலாம், பெரும்பாலோர் அதோடு குணம். மிச்சமிருக்கும் 5 முதல் 10 சதவீதத்தில்தான் சிக்கல். அவர்களுக்குப் பரம்பரையாக வருகிறது. இரத்த ரிப்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. அதே கூடுதல் கால்சியம், பாராதைராய்டு சுரக்கும் ஹார்மோனான பி.டி.எச்-உம் அதே கூடுதல். ஆனால் செய்ய வேண்டிய ஆபரேஷன் வேறு.

உதாரணத்துக்கு எம்.இ.என் 1, பல ஹார்மோன் சுரப்பிகளில் கட்டி வரும் பரம்பரை நோய்க்கூட்டு. இதில் 4 சுரப்பியும் கெட்டுப்போகும், ஒரே அளவில் இல்லாமல், ஒன்று பெரிதாக, மற்றது சுமாராக. ஸ்கேன் பெரிதாக இருப்பதை மட்டும் காட்டும். நாம் அதை மட்டும் எடுத்துவிட்டு வெற்றி என்று எழுதுவோம். கொஞ்ச காலத்தில் கால்சியம் மறுபடி ஏறும்.

என் கேள்வி இதுதான்: 40 வயதுக்குள் வருகிற எல்லோருக்கும் கத்தி வைப்பதற்கு முன் மரபணுப் பரிசோதனை செய்ய வேண்டுமா? உங்கள் இடங்களில் என்ன செய்கிறீர்கள்?

ஹார்மோன் டாக்டர்

நல்ல கேள்வி, ஆனால் 40 என்ற எண்ணில் எனக்கு உடன்பாடு இல்லை. அமெரிக்க எண்டோகிரைன் அறுவை சிகிச்சை நிபுணர்கள் சங்கம் 2016-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் வருகிற எண் அது. அங்கே தனியாக வரும் நோய் பெரும்பாலும் 50, 60 வயதுப் பெண்களிடம், வேறு எதற்கோ செய்த இரத்தப் பரிசோதனையில் தற்செயலாகப் பிடிபடுகிறது. அந்த ஊரில் 30 வயதுக்காரர் வந்தால் சந்தேகப்படுவது நியாயம்.

இந்தியாவில் நிலைமை அப்படியா? கால்சியத்தை வழக்கமாக யாரும் பார்ப்பதில்லை. இங்கே நோயாளி வருவதே எலும்பு உடைந்த பிறகு, அல்லது இரண்டு மூன்று முறை கல் எடுத்த பிறகு. வைட்டமின் டி குறைபாடு வேறு எலும்பு நோயைக் கூட்டிவிடுகிறது. மேலை நாடுகளைவிடப் பத்துப் பதினைந்து வயது இளமையிலேயே வருகிறார்கள், அதுவும் தனியாக வரும் சாதாரணக் கட்டியோடு. வயதை மட்டும் வைத்துப் பார்த்தால் என் ஓ.பி.யில் பாதிப் பேரை மரபணு லேபுக்கு அனுப்ப வேண்டியிருக்கும். கூலி வேலை செய்கிறவரிடம் எப்படிச் சொல்வது?

2022-இல் வந்த சர்வதேச வழிகாட்டுதல் 30 வயதுக்குக் கீழே என்கிறது. அதோடு ஒன்றுக்கு மேற்பட்ட சுரப்பி கெட்டிருந்தாலோ, குடும்பத்தில் இருந்தாலோ செய்யலாம் என்கிறது. நம் ஊருக்கு இது பரவாயில்லை. ஆனால் என் அனுபவத்தில் வயதைவிடப் பெரிய தடயம் ஆண் பெண் விகிதம்தான். தனியாக வருவதில் ஆணுக்கு மூன்று பெண் என்ற கணக்கு. எம்.இ.என் 1-இல் இருவரும் சமம், பெரும்பாலும் 20 முதல் 25 வயதில் ஆரம்பம். இளைஞன், ஆண், இரண்டு பக்கக் கிட்னியிலும் கல் என்றால் நான் விடமாட்டேன்.

தென்னந்தோப்பு

டாக்டர்கள் பேசும் இடத்தில் நோயாளியாக எழுதுகிறேன். எனக்கு எம்.இ.என் 1.

24 வயதில் முதல் ஆபரேஷன். "ஒரு சின்னக் கட்டி, எடுத்தால் சரியாகிவிடும்" என்றார்கள். சரியாகவும் ஆனது. இரண்டு வருஷம் கூட முழுதாக ஆகவில்லை, மறுபடி கல் வலி. கால்சியம் 11.4. இந்த முறை வேறு ஊரில் வேறு ஆஸ்பத்திரி. அங்கே ஒரு டாக்டர் அம்மா என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து முக்கால் மணி நேரம் கேள்வி கேட்டார். முதல் முறையும் "குடும்பத்தில் யாருக்காவது பாராதைராய்டு இருக்கிறதா" என்று கேட்டார்கள்தான். இல்லை என்றேன். அந்தப் பெயரையே அன்றுதான் கேள்விப்பட்டேன், வேறென்ன சொல்வது?

இந்த அம்மா அப்படிக் கேட்கவில்லை. "அப்பா எப்படித் தவறினார்?" வயிற்றில் அல்சர், இரண்டு முறை ஆபரேஷன், இரத்த வாந்தி, 46 வயது. "அத்தை, சித்தப்பா?" அத்தைக்குக் கல்யாணமாகிக் குழந்தை இல்லை, பால் மாதிரி ஏதோ சுரந்து தலையில் கட்டி என்று மாத்திரை சாப்பிட்டார். சித்தப்பாவுக்கு வருஷம் தவறாமல் கல். நான் சொல்லச் சொல்ல அவர் ஒரு தாளில் எங்கள் குடும்பத்தை வட்டமும் சதுரமுமாகப் போட்டு ஒவ்வொன்றாகக் கறுப்பாக்கிக்கொண்டே வந்தார். கடைசியில் தாளைத் திருப்பி என்னிடம் காட்டினார். எங்கள் வீட்டில் தனித்தனியாகப் பார்த்த சாவும் நோயும் ஒரே கோட்டில் இருந்தன.

இரண்டாவது ஆபரேஷனில் முன்பு கீறிய இடமெல்லாம் ஒட்டிப்போயிருந்ததால் ரொம்ப நேரம் ஆனது. குரல் பல மாதம் கரகரத்தது. முதல் தடவையே இந்தக் கேள்விகளை யாராவது கேட்டிருந்தால் என்ற எண்ணம் இன்னும் போகவில்லை.

வைகைக்கரை

தென்னந்தோப்பு சார், நீங்கள் எழுதியதற்கு ரொம்ப நன்றி. இதை எங்கள் பிரிவில் எல்லோருக்கும் படித்துக் காட்டப் போகிறேன்.

மற்றவர்களுக்கு: அப்பாவின் அல்சர் என்பது கணையத்திலோ முன்சிறுகுடலிலோ இருக்கும் காஸ்ட்ரினோமா கட்டியால் வந்திருக்கலாம். அது வயிற்றில் அமிலத்தை அளவில்லாமல் சுரக்க வைக்கும். அத்தைக்கு இருந்தது மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரிச் சுரப்பியின் கட்டியாக இருக்க வாய்ப்பு அதிகம். பாராதைராய்டு, கணையம், பிட்யூட்டரி மூன்றும் சேர்வதுதான் இந்த நோயின் அடையாளம். பால் வெர்மர் 1954-இல் இது குடும்ப வழியில் வருவதை விளக்கினார். 11-ஆவது குரோமோசோமில் இருக்கும் மரபணு 1997-இல் கண்டுபிடிக்கப்பட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கால்சியம் கூடினால், வயிற்று அமிலத்தைத் தூண்டும் காஸ்ட்ரின் ஹார்மோனும் கூடும். பாராதைராய்டைச் சரிசெய்தால் அல்சர் பக்கமும் ஓரளவு அடங்கும். ஆகவே இவர்களுக்குக் கழுத்து ஆபரேஷன் கழுத்துக்கு மட்டும் ஆனதல்ல.

லேப் மேசை

ஆபரேஷன் நடக்கும்போதே பி.டி.எச் பார்க்கிற வேலை எனக்கு. அந்தப் பக்கத்திலிருந்து ஒரு விஷயம்.

பி.டி.எச் இரத்தத்தில் அதிக நேரம் நிற்காது, 3 முதல் 5 நிமிடத்தில் பாதியாகிவிடும். அதனால்தான் கட்டியை எடுத்து 10 நிமிடம் கழித்து இரத்தம் எடுக்கிறார்கள். ஆரம்பத்தில் இருந்த உச்ச அளவிலிருந்து 50 சதவீதத்துக்கு மேல் இறங்கினால் சுரந்துகொண்டிருந்ததை எடுத்தாயிற்று என்று அர்த்தம். தியேட்டரிலிருந்து குழாய் ஐஸில் வரும், நாங்கள் சுழற்றி மெஷினில் போடுவோம், அங்கே கழுத்தைத் திறந்து வைத்தபடி காத்திருப்பார்கள்.

தனிக்கட்டி நோயாளிக்கு இந்தக் கணக்கு அழகாகப் பொருந்தும். 210 இருந்தது 38-க்கு வந்துவிடும். பரம்பரை நோயில் ஏமாற்றிவிடும். பெரிய சுரப்பியை எடுத்ததும் 240-லிருந்து 105 ஆகும். சதவீதப்படி பாஸ். ஆனால் 105 இன்னும் இயல்பு அளவுக்கு மேலேதான் இருக்கிறது. மீதிச் சுரப்பிகள் வேலை செய்துகொண்டிருக்கின்றன. எங்கள் சர்ஜன் "சதவீதம் வேண்டாம், எண்ணைச் சொல்லு" என்றுதான் போனில் கேட்பார். இயல்பு அளவுக்குள் வந்தால்தான் மூடுவார்.

மல்லிகை

எல்லாவற்றையும் படித்துவிட்டுப் பயம் வந்துவிட்டது. அம்மாவுக்கு 62 வயது. கால்சியம் 11.2, பி.டி.எச் 160. பாராதைராய்டைத் தேடும் செஸ்டாமிபி ஸ்கேனிலும் அல்ட்ராசவுண்டிலும் இடது கீழ்ப்பக்கம் ஒரே கட்டி. அம்மா வீட்டில் யாருக்கும் கல், கட்டி எதுவும் இல்லை. தாத்தா பாட்டி 80 தாண்டி வாழ்ந்தவர்கள். நாங்களும் மரபணு டெஸ்ட் எடுக்க வேண்டுமா டாக்டர்?

வைகைக்கரை

பயப்படாதீர்கள் அம்மா. நீங்கள் எழுதியபடி பார்த்தால் இது தனியாக வந்தது போலத்தான் இருக்கிறது: வயது, பெண், இரண்டு ஸ்கேனும் ஒரே இடத்தைக் காட்டுவது, சுத்தமான குடும்ப வரலாறு. இப்படிப்பட்டவர்களுக்கு மரபணுப் பரிசோதனை தேவைப்படுவதில்லை. பழகிய கையில் 95 சதவீதத்துக்கு மேல் குணமாகிறார்கள். 6 மாதம் கழித்து ஒரு கால்சியம் பாருங்கள். அப்போதும் இயல்பாக இருந்தால்தான் குணம் என்று எழுதுவோம்.

ஒன்றை மட்டும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்: 24 மணி நேரச் சிறுநீர்க் கால்சியம் பார்த்தாயிற்றா?

ஹார்மோன் டாக்டர்

சிறுநீர்க் கால்சியம் பற்றி நான் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பரம்பரை நோய்களில் ஆபரேஷனே கூடாத ஒன்று இருக்கிறது. பாராதைராய்டிலும் கிட்னியிலும் கால்சியத்தை உணரும் ஒரு புரதம் உண்டு. அதன் மரபணுவில் பிறவியிலேயே மாற்றம் இருந்தால், கால்சியம் போதுமான அளவு இருந்தும் போதவில்லை என்றே உடம்பு நினைக்கும். இரத்தத்தில் கால்சியம் வாழ்நாள் முழுக்கச் சற்றுக் கூடுதலாகவே நிற்கும், சிறுநீரில் குறைவாகப் போகும். பி.டி.எச் இயல்பாகவோ சற்றுக் கூடுதலாகவோ இருக்கும். பெரும்பாலோருக்கு எந்தத் தொல்லையும் வராது. இவர்களைத் தெரியாமல் ஆபரேஷன் செய்தால் சுரப்பி போகும், கால்சியம் அப்படியே இருக்கும்.

கால்சியத்தையும், கிட்னி வெளியேற்றும் கழிவான கிரியாட்டினினையும் இரத்தத்திலும் சிறுநீரிலும் பார்த்து ஒரு விகிதம் போடுவோம். 0.01-க்குக் கீழே என்றால் இந்தப் பிறவி நிலைமையைச் சந்தேகிக்க வேண்டும். 0.02-க்கு மேல் என்றால் உண்மையான பாராதைராய்டு நோய். இடையில் இருந்தால் மரபணுதான் சொல்ல வேண்டும். வைட்டமின் டி ரொம்பக் குறைவாக இருந்தாலும் சிறுநீர்க் கால்சியம் குறையும். நம் ஊரில் முதலில் அதைச் சரிசெய்துவிட்டுத்தான் இந்தக் கணக்கைப் போட வேண்டும்.

தென்னந்தோப்பு

ஒரு சந்தேகம். எனக்குப் பரம்பரை நோய் என்று சொன்னதும் வீட்டில் எல்லோரும் கேட்டது, "நாங்கள் சொந்தத்தில் கல்யாணம் செய்யவில்லையே, அப்புறம் எப்படி?" என்றுதான். என் மனைவி வேற்றூர்க்காரர். பிள்ளைகளுக்கு வராது என்றே மாமனார் நம்புகிறார்.

ஹார்மோன் டாக்டர்

இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். எம்.இ.என் 1-க்குச் சொந்தத்தில் கல்யாணம் வேண்டியதில்லை. அப்பா அம்மா இருவரில் ஒருவரிடம் இருந்தாலே போதும், ஒவ்வொரு பிள்ளைக்கும் 50 சதவீத வாய்ப்பு, மகனானாலும் மகளானாலும். டாஸ்மேனியாவில் ஒரே மூதாதை வழிவந்த மிகப் பெரிய எம்.இ.என் 1 குடும்பம் ஒன்று பல பத்தாண்டுகளாகக் கண்காணிக்கப்படுகிறது. அங்கே தலைமுறை தலைமுறையாக இறங்கியது இப்படித்தான். உங்கள் மாமனாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு ஒரே ஒரு இரத்தப் பரிசோதனை. உங்களிடம் கண்டுபிடித்த அதே மாற்றம் அவர்களிடம் இல்லை என்றால் வாழ்நாள் முழுக்கக் கவலை இல்லை.

சொந்தத் திருமணம் பெரிதாக விளையாடுவது நான் மேலே சொன்ன பிறவிக் கால்சிய நிலைமையில்தான். அந்த மாற்றம் பெற்றோர் இருவரிடமும் இருந்து, குழந்தைக்கு இரண்டு பக்கமும் வந்தால், பிறந்த சில நாட்களிலேயே கால்சியம் உயிருக்கு ஆபத்தான அளவு ஏறும். எலும்பு மெலிந்து, மூச்சுத் திணறி வரும் அந்தக் குழந்தைக்கு 4 சுரப்பியையும் எடுக்க வேண்டி வரலாம்.

ஓ.டி. விளக்கு

மயக்க மருந்து டாக்டர் நான். தைராய்டு புற்றுநோயும் அட்ரீனல் கட்டியும் சேர்ந்து வரும் எம்.இ.என் 2ஏ என்ற இன்னொரு பரம்பரை நோய்க்கூட்டு பற்றி இதுவரை யாரும் பேசவில்லை. எங்களுக்கு அதுதான் அச்சம். அதில் பாராதைராய்டு 20 முதல் 30 சதவீதம் பேருக்குத்தான் வரும், அதுவும் மிதமாக. ஆனால் கிட்னிக்கு மேலிருக்கும் அட்ரீனல் சுரப்பியில், பிரஷரை ஏற்றும் ஹார்மோனைச் சுரக்கும் ஃபியோகுரோமோசைட்டோமா கட்டி இருக்கலாம். தெரியாமல் மயக்கம் கொடுத்தால் மேசையிலேயே ரத்த அழுத்தம் எகிறி உயிர் போகலாம். குடும்பத்தில் தைராய்டு புற்றுநோய், மேசையில் திடீர் சாவு, இளம் வயதில் அடங்காத பிரஷர் என்று ஏதாவது காதில் விழுந்தால் அந்தக் கட்டியைக் காட்டிக்கொடுக்கும் மெட்டாநெஃப்ரின் ரிப்போர்ட் வராமல் நான் ஊசி போடமாட்டேன். சர்ஜன் கோபித்துக்கொண்டாலும் சரி.

தாடை டாக்டர்

வாய், தாடை அறுவை சிகிச்சை என் துறை. எங்களிடம் முதலில் வந்து சேரும் பாராதைராய்டு நோயாளிகள் உண்டு. தாடையில் வீக்கம், எக்ஸ்ரேயில் ஓட்டை. இரண்டு வாய்ப்பு. ஒன்று பிரவுன் ட்யூமர், அதாவது கால்சியம் கரைந்ததால் எலும்பில் உண்டாகும் மாற்றம். பாராதைராய்டைச் சரிசெய்தால் தானாக ஆறத் தொடங்கும், தாடையில் கை வைக்கத் தேவையே வராமல் போகலாம். இன்னொன்று ஆசிஃபையிங் ஃபைப்ரோமா. அது உண்மையான கட்டி, கால்சியம் இறங்கினாலும் போகாது. பாராதைராய்டு நோயோடு இது சேர்ந்திருந்தால் சிடிசி73 மரபணுவைப் பார்க்கச் சொல்கிறோம். அந்தக் குடும்பங்களில் பாராதைராய்டு புற்றுநோய்க்கு 15 சதவீதம் அளவுக்கு வாய்ப்பு இருக்கிறது. தனியாக வரும் நோயில் அது 1 சதவீதத்துக்கும் கீழே.

வைகைக்கரை

மிகச் சரி டாக்டர். அந்த நோயாளிகளுக்குக் கழுத்துக் கட்டியில் ஊசி குத்திப் பார்க்கக் கூடாது. எடுக்கும்போது உறை கிழியவும் கூடாது. செல்கள் சிதறினால் கழுத்து முழுக்க மறுபடி முளைக்கும். இப்படி முன்கூட்டியே தெரிந்தால் கையின் போக்கே மாறும் என்பதால்தான் இந்த இழையைத் தொடங்கினேன்.

பழைய ஏடு

மருத்துவ வரலாறு படிப்பவன். 1925-இல் வியன்னாவில் ஃபெலிக்ஸ் மாண்டல் ஒரு டிராம் கண்டக்டரின் கழுத்திலிருந்து பாராதைராய்டுக் கட்டியை முதன்முதலாக எடுத்தார். அடுத்த ஆண்டு பாஸ்டனில், மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் ஒரு கப்பல் கேப்டனுக்கு ஆபரேஷன் தொடங்கியது. எலும்பு கரைந்து அவர் உயரமே பல அங்குலம் குறைந்திருந்தது. கழுத்தை மறுபடி மறுபடி திறந்தும் கிடைக்கவில்லை. 1932-இல் ஏழாவது முறை நெஞ்சைத் திறந்தபோதுதான் கட்டி கிடைத்தது. சில வாரங்களில் கிட்னிக் கல் சிக்கலில் இறந்துபோனார். தனிக்கட்டியும் இவ்வளவு படுத்தும். பரம்பரை நோய் மட்டுமே கஷ்டம் என்று எழுதுவது சரியா?

வைகைக்கரை

நியாயமான கேள்வி. அந்தக் கேப்டனுக்கு இருந்தது இடம் மாறிய சுரப்பி. கருவில் கீழ்ப் பாராதைராய்டுகள், நெஞ்சின் மேற்பகுதிக்குப் போகும் தைமஸ் சுரப்பியோடு சேர்ந்து இறங்குகின்றன. நடுவில் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் போனால் நெஞ்சுக்குள் போய்விடும். இன்று நல்ல ஸ்கேன் இருப்பதால் அப்படித் தேடி அலைய வேண்டியது அரிது.

இதே காரணத்தால்தான் எம்.இ.என் 1 நோயாளிகளுக்குக் கழுத்து வழியாகத் தைமஸையும் சேர்த்து எடுக்கிறோம். அதற்குள் ஐந்தாவதாக ஒரு சுரப்பி ஒளிந்திருக்கலாம். தைமஸில் கார்சினாய்டு என்ற புற்று வகைக் கட்டி வரும் ஆபத்தும் ஓரளவு குறையும். தனிக்கட்டியில் இது தேவையில்லை.

எத்தனை சுரப்பி எடுப்பது என்பதில் எங்களுக்குள் இன்னும் வாதம் ஓடுகிறது. மூன்றரை எடுத்து அரையை விடுவது பெரும்பாலோர் வழி. நாலையும் எடுத்து ஒரு பகுதியைச் சிறு துண்டுகளாக முன்கைத் தசையில் பதிப்பது இன்னொரு வழி. மூன்றாவதாக, இளம் வயதில் ஒரு பக்கம் மட்டும் சுத்தம் செய்து, மறுபக்கத்தைப் பின்னாளுக்கு விட்டுவைக்கலாம் என்றும் சிலர் சொல்கிறார்கள். எல்லாம் எடுத்து வாழ்நாள் முழுக்கக் கால்சியம் மாத்திரையில் நிறுத்துவது நோயைவிடக் கொடுமை என்பது அவர்கள் வாதம். எனக்கு மூன்றரைதான் சரியாகப் படுகிறது. அதிலும் பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் பாதிப் பேருக்குத் திரும்ப வரும், அதை முன்னாலேயே சொல்லிவிட வேண்டும்.

தென்னந்தோப்பு

எனக்குக் கையில்தான் வைத்திருக்கிறார்கள். இடது முன்கையில், ஒவ்வொரு துண்டுக்கும் பக்கத்தில் சின்ன கிளிப் அடையாளத்துக்கு. செக்கப்பில் இரண்டு கையிலும் இரத்தம் எடுப்பார்கள். இடது கையில் பி.டி.எச் ரொம்பக் கூடுதலாக இருந்தால் பதித்த துண்டு வேலை செய்கிறது என்று அர்த்தம். கால்சியமும் ஏறியிருந்தால் அளவுக்கு மீறி வேலை செய்கிறது. அப்போது கழுத்தைத் தொடாமல் கையை மட்டும் மரத்துப்போக வைத்து ஒன்றிரண்டு துண்டை எடுக்கலாம் என்றார்கள். இந்தக் கழுத்தை மறுபடி திறக்க வேண்டியதில்லை என்பதே எனக்கு நிம்மதி.

முதல் வாரம் மட்டும் சிரமம். உதட்டைச் சுற்றிக் குறுகுறுப்பு, விரல் இழுப்பு. கால்சியத்தை ஊசி வழியாக ஏற்றிக்கொண்டே இருந்தார்கள்.

ஹார்மோன் டாக்டர்

கால்சியம் இல்லாமல் பசித்துக் கிடந்த எலும்பு ஆபரேஷனுக்குப் பிறகு இரத்தத்திலிருந்து அதை இழுப்பதும் அந்தச் சிரமத்துக்குக் காரணம். அது தனிக்கட்டி நோயாளிக்கும் வரும், எலும்பு நோய் முற்றி வருகிற நம் ஊரில் அதிகமாகவே வரும்.

சரி, தொடக்கக் கேள்விக்கு என் நிலைப்பாடு: 30-க்குக் கீழே எல்லோருக்கும் மரபணுப் பரிசோதனை. 30-க்கு மேல் இருந்தால், ஒன்றுக்கு மேற்பட்ட சுரப்பியோ, திரும்பி வந்த நோயோ, தாடைக் கட்டியோ, மூன்று தலைமுறை விசாரணையில் ஏதாவதோ தட்டுப்பட்டால் செய்ய வேண்டும். ரிப்போர்ட்டில் ஒன்றும் இல்லை என்று வந்தாலும் குடும்ப வரலாறு பலமாக இருந்தால் விடக் கூடாது. உறுதியான எம்.இ.என் 1 குடும்பங்களிலும் 10-இல் ஒன்றில் வழக்கமான பரிசோதனையில் மாற்றம் பிடிபடுவதில்லை. மறுபுறம், எம்.இ.என் 1 நோயாளிகளில் 10 சதவீதம் பேருக்கு அப்பா அம்மா இருவரிடமும் இல்லாமல் புதிதாகவே தோன்றுகிறது. ஆகவே குடும்பம் சுத்தம் என்பதும் முழு உத்தரவாதம் இல்லை.

வைகைக்கரை

ஒத்துக்கொள்கிறேன். 40 என்று நான் கேட்டதை 30 ஆக்கிக்கொண்டு, மீதியை விசாரணையில் பிடிப்பது நம் ஊருக்குப் பொருந்தும். நம் வார்டில் "பாராதைராய்டு உண்டா" என்ற ஒற்றைக் கேள்வியை எடுத்துவிட்டு, கல்லடைப்பு, அல்சர் ஆபரேஷன், தலையில் கட்டி, தைராய்டு ஆபரேஷன், தாடை வீக்கம், 50-க்குள் திடீர் சாவு என்று ஒவ்வொன்றாக, தாய் வழி, தந்தை வழி இரண்டிலும் கேட்கிற மாதிரி கேஸ் ஷீட்டை மாற்ற எழுதிக் கொடுக்கிறேன்.

மல்லிகை

ரொம்ப நன்றி டாக்டர். அம்மாவுக்குச் சிறுநீர்ப் பரிசோதனை இன்னும் செய்யவில்லையாம், கேட்டுவிட்டேன். நாளை காலை கேன் கொடுக்கிறார்கள். காலையில் எழுந்ததும் போகிற முதல் சிறுநீரையும் அதில் சேர்க்க வேண்டுமா?

லேப் மேசை

வேண்டாம் அக்கா. தொடங்கும் நாள் காலை முதல் சிறுநீரை வெளியே விட்டுவிட்டு நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு போவதெல்லாம் கேனில். மறுநாள் அதே நேரத்துக்குப் போவதையும் சேர்த்து முடியுங்கள். ஒரு தடவை விட்டுப்போனாலும் கணக்கு தவறும், அப்படி ஆனால் லேபில் சொல்லி வேறு கேன் வாங்கி முதலிலிருந்து தொடங்குங்கள். அதே நாளில் இரத்தமும் கொடுத்துவிடுங்கள். பிரஷருக்குத் தயாசைடு மாத்திரை சாப்பிட்டால் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், அதுவும் சிறுநீர்க் கால்சியத்தைக் குறைத்துக் காட்டும்.